உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஜெபத்தையும் உடம்பையும் எப்படிக் காத்துக்கொள்கிறீர்கள்?

அத்திமரம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பல வருடமாக மனதில் கிடக்கிற ஒரு விஷயம். இங்கே எல்லாச் சபையாரும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

லெந்து நாட்களில், அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முன்வரும் தவக்காலத்தில், நாம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறோம்! விடியற்காலையில் எழுந்துவிடுகிறோம், வேதம் வாசிக்கிறோம், சாப்பாட்டில் அளவு இருக்கிறது, ஃபோன் கொஞ்சம் தள்ளியே இருக்கிறது. பெரிய வெள்ளி வரைக்கும் இது நிற்கிறது. உயிர்த்த ஞாயிறு ஆராதனை முடிந்த மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக நழுவுகிறது. முதலில் தூக்கம் கெடும், அடுத்து சாப்பாடு, அப்புறம் நடை. கடைசியில் பார்த்தால் காலை ஜெபமும் போயிருக்கும். நடுராத்திரி வரை கண்விழித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு விடியற்கால ஜெபம் எப்படி நிலைக்கும்?

சபை நாட்காட்டியைப் பாருங்கள். லெந்துக்கு 40 நாள், நடுவில் வரும் ஞாயிறுகளையும் சேர்த்தால் 46. உயிர்த்த ஞாயிறு தொடங்கி, பரிசுத்த ஆவி இறங்கியதை நினைக்கிற பெந்தெகொஸ்தே வரை 50 நாள். துக்கத்துக்குக் கொடுத்த நாளைவிட மகிழ்ச்சிக்குக் கொடுத்த நாள் அதிகம். ஆனால் 40 நாளுக்கு நம்மிடம் ஆயிரம் தீர்மானம் உண்டு, 50 நாளுக்கு ஒன்றுகூட இல்லை.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர் சரீரத்தோடு வந்தார். காயத்தழும்பைக் காட்டினார், தொட்டுப் பாருங்கள் என்றார், சீஷர்கள் நம்பமுடியாமல் நின்றபோது மீன் வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிற நாம், இந்த 50 நாளில் சரீரத்தைக் கவனிப்பதை விசுவாசத்தின் வேலையாகவே செய்யலாம் அல்லவா? வெயிலும் வெளிச்சமும் கூடுகிற வசந்த காலத்தில் அது இன்னும் சுலபம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

தாபோர் எழுதியது:

சகோதரரே, கேள்வி நல்லது. ஆனாலும் எனக்குள்ள பயத்தைச் சொல்லிவிடுகிறேன். சரீர முயற்சி கொஞ்சம்தான் பிரயோஜனம், தேவபக்தி எல்லாவற்றுக்கும் பிரயோஜனம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோ. 4:8). இன்றைக்குச் சபை வாலிபர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்கள். கடைசியாக எந்தச் சங்கீதத்தைத் தியானித்தாய் என்று கேட்டால் பதில் வராது.

உபவாசத்துக்கும் இதே கதி வந்துகொண்டிருக்கிறது. தானியேல் உபவாசம் என்று பெயர் வைத்து எடை குறைக்கிறார்கள். தானியேல் காய்கறியும் தண்ணீரும் கேட்டது ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாது என்பதற்காக. பத்து நாள் சோதித்துப் பார்த்தபோது முகம் களையாக இருந்தது தேவன் கொடுத்த பலன், அவன் தேடிப்போனது அல்ல. உடம்பைக் கவனிக்கிறேன் என்று தொடங்கி உடம்பையே விக்கிரகமாக்கிவிடக் கூடாது. இந்த இழை அந்தப் பக்கம் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

விடியல் செபம் எழுதியது:

தாபோர் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை அதே அதிகாரத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அதற்குச் சற்று மேலேயே, சில உணவுகளை விலக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறவர்களைப் பவுல் கண்டிக்கிறார். கடவுள் படைத்தது எல்லாம் நல்லது என்கிறார். அடுத்த அதிகாரத்தில் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறை நினைத்து, தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சை இரசமும் எடுத்துக்கொள் என்று எழுதுகிறார். பிள்ளை அடிக்கடி சுகமில்லாமல் போகிறான் என்று கவலைப்படுகிற தகப்பன் மாதிரியே இருக்கிறது. உடம்பை அற்பமாக நினைத்தவர் அப்படி எழுதியிருப்பாரா?

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நோன்பு இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கட்டாயமாக்கும் நாட்கள் இரண்டே இரண்டு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிறைந்தவர்கள் முதல், அறுபதாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வரைதான். நோயாளிகளுக்கும் பிள்ளை சுமக்கிற தாய்மாருக்கும் கட்டாயம் கிடையாது. ஒறுத்தலைச் சொல்லித்தருகிற திருச்சபையே உடம்பின் எல்லையையும் பார்த்துத்தான் சட்டம் எழுதியிருக்கிறது. இதை மறந்துவிட்டு, முடியாத பெரியவர்களைக்கூட "நீங்கள் மட்டும் சாப்பிடலாமா" என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

சமாரியன் எழுதியது:

விடியல் சிஸ்டர் தொட்ட இடத்தில் நானும் பேசியே ஆகவேண்டும். நான் செவிலியர் வேலை பார்க்கிறேன். உபவாசக் கூட்டத்தில் மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்கள் உண்டு. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருப்பார்கள். விசுவாசத்தோடு இருந்தால் ஒன்றும் ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரை எடுக்கிறவர்கள், சிறுநீரகத்தில் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், முன்பு சாப்பாட்டை வெறுக்கும் நோயிலிருந்து மீண்டவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் நீங்களாக மாற்றவும் வேண்டாம். உபவாசத்தின்போது வியர்த்துக் கொட்டினால், கை நடுங்கினால், பேச்சு குழறினால் உடனே சர்க்கரை பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் உபவாசம் அங்கேயே முடிந்தது. சுமார் 15 கிராம் சர்க்கரை உள்ள எதையாவது கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

உணவை விடமுடியாதவர்களுக்கு விட வேறு எவ்வளவோ இருக்கிறது. கோபத்தை விடலாம். ராத்திரி ஃபோனை விடலாம். ஏசாயா 58-இல் கர்த்தர் தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்லும்போது, பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொள் என்கிறார். அதற்கு எந்த மருத்துவரும் தடை சொல்லமாட்டார்.

சிறு கடுகு எழுதியது:

நான் செய்வது ஒன்றே ஒன்று. உயிர்ப்பு வாரத்திலிருந்து பெந்தெகொஸ்தே வரை நடந்துகொண்டே ஜெபிப்பேன். எம்மாவு நடை என்று எனக்குள் பெயர் வைத்திருக்கிறேன்.

லூக்கா 24-ஐப் படித்துப் பாருங்கள். உயிர்த்த அதே நாளில் ஆண்டவர் செய்த பெரிய ஊழியம், சோர்ந்துபோன இரண்டு பேரோடு நடந்ததுதான். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு 60 ஸ்தாதி என்று மூலத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பேசிக்கொண்டே நடந்தார்கள். அவர் வேதத்தை விளக்கினார், அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது, ஆனால் அவர் யாரென்று தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தார்கள்? பொழுது போய்விட்டது என்று சொன்ன அதே ஆட்கள், அந்நேரமே எழுந்து அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தார்கள்! துக்கத்தில் நடந்த கால்களுக்கு மகிழ்ச்சியில் களைப்புத் தெரியவில்லை. நான் இதை எத்தனை தடவை படித்தாலும் கண் கலங்குகிறது.

நடக்கும்போது ஒரு சிறிய வேதப்பகுதியை மனதில் வைத்துக்கொள்வேன். போகும்போது மனதில் கனக்கிறதை எல்லாம் அவரிடம் சொல்வேன், அந்தச் சீஷர்கள் சொன்ன மாதிரி, எதையும் மறைக்காமல். பாதி தூரத்தில் திரும்பியதும் பேச்சை நிறுத்திவிடுவேன். திரும்பி வரும் வழி முழுக்கக் கேட்பதற்கு மட்டும். காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை, பாட்டுக்கூட இல்லை.

ஒரு சந்தேகம், சமாரியன் அண்ணா. வசந்தம் வந்தாலே எனக்குத் தும்மல் தொடங்கிவிடுகிறது, கண் அரிக்கிறது. வெளியே நடப்பதை நிறுத்திவிடலாமா?

சமாரியன் எழுதியது:

நிறுத்தவேண்டாம், தங்கச்சி. மரங்களின் மகரந்தம் காற்றில் கலக்கிற காலம் இது. சளி என்றால் காய்ச்சலோ உடம்பு வலியோ வரலாம், சில நாளில் சரியாகும். ஒவ்வாமை என்றால் அரிப்பு இருக்கும், காய்ச்சல் இருக்காது, வாரக்கணக்கில் போகும். வறண்டு காற்றடிக்கிற நாளில் மகரந்தம் அதிகம் பறக்கும். அன்றைக்கு வீட்டுக்குள் நடங்கள், ஜன்னலை மூடி வையுங்கள். வெளியே போய்வந்தால் முகத்தைக் கழுவி உடை மாற்றுங்கள், படுக்கைக்கு முன் தலையும் அலசினால் நல்லது. தூக்கம் வரவைக்காத ஒவ்வாமை மாத்திரைகள் இருக்கின்றன, மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். மூச்சில் விசில் சத்தம் வந்தாலோ நெஞ்சு இறுகினாலோ அது ஆஸ்துமாவாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

எவ்வளவு நடப்பது என்று சிலர் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு போதும் என்றிருக்கிறது. தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். 65 வயது தாண்டியவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும் மூன்று நாள். மிதமானது என்றால் என்ன என்று கண்டுபிடிக்கக் கடிகாரம் தேவையில்லை. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதனால் வேகமாக நடக்கும்போது ஜெபம், மெதுவாக நடக்கும்போது கீர்த்தனை என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூத்தவர் எழுதியது:

பிள்ளைகளா, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறு வயதிலிருந்து முழங்காலில் நின்றே ஜெபித்த ஆள் நான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கும்போது கர்த்தருக்கு முன்பாக மரியாதை இல்லாமல் இருக்கிறேனோ என்று உறுத்துகிறது. நீங்கள் நடையைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

விடியல் செபம் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தை எல்லாச் சபைகளும் மதிக்கிறோம். அதன் இருபதாவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளிலும், பெந்தெகொஸ்தே வரையுள்ள நாட்களிலும் முழங்காலிடவேண்டாம், நின்றுகொண்டே செபியுங்கள் என்கிறது. ஆண்டவர் எழுந்துவிட்டார், ஆகவே நாமும் எழுந்து நிற்கிறோம் என்பது ஆதித் திருச்சபையின் மனம். நீங்கள் உறுத்தலோடு விட்டுவிட்ட முழங்காலை, இந்த 50 நாளுக்கு முழுத் திருச்சபையுமே மடக்காமல் இருந்திருக்கிறது.

எங்கள் வழக்கத்தில் காலை, மதியம், மாலை மூன்று முறை மூவேளை செபம் சொல்வோம். உயிர்ப்புக் காலத்தில் அதற்குப் பதிலாக வேறொரு செபம், அதையும் நின்றுகொண்டுதான் சொல்வோம். நீங்கள் உங்கள் முறைப்படி மூன்று வேளை ஒரு சங்கீதத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்து, பக்கத்தில் உறுதியான மேசையைப் பிடித்து நின்று சொல்லி, மெதுவாக உட்காருங்கள்.

சமாரியன் எழுதியது:

ஐயா, இதை இரண்டு கையாலும் ஆமோதிக்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. தேய்ந்த முழங்காலுக்கு முழு ஓய்வு கொடுப்பதைவிடத் தொடையைப் பலப்படுத்துவதுதான் வலியைக் குறைக்கும். நாற்காலி வழுக்காமல் சுவரோரம் இருக்கட்டும். எழுந்ததும் தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள், இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

மூத்தவர் எழுதியது:

நன்றி மகளே, தம்பி. நாளைக்குக் காலையில் 121-ஆம் சங்கீதம்.

பெயர் வேண்டாம் எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் வெளிச்சம், பூ, நடை என்கிறீர்கள். எனக்கு இந்தக் காலம்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வெளியே எல்லாம் துளிர்க்கிறது, எனக்குள்ளே ஒன்றுமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, அப்புறம் தூக்கமில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சபையில் ஒருவரிடம் சொன்னேன். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை நம்புகிறவருக்கு இப்படி வரக்கூடாதே என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அத்திமரம் எழுதியது:

நீங்கள் எழுதியதற்கு நன்றி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு அப்படிச் சொன்னது தவறு.

எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறங்கப்பண்ணின தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபிக்கிறார். தேவன் திட்டவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. அவரைத் தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடியும் தூதன் வந்து சாப்பாடு கொடுத்தான், பயணம் உனக்கு வெகுதூரம் என்று சொல்லி. இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு. அந்த பலத்தில்தான் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். மெல்லிய சத்தத்தைக் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் இந்த இழையில் சொல்லவந்ததை எலியாவின் கதைதான் என்னைவிட நன்றாகச் சொல்கிறது. உடம்பைக் கவனிப்பதுதான் அன்றைக்கு தேவனுடைய முதல் ஊழியம். உங்களுக்கும் இப்போது அதுதான் தேவை. வார்த்தை வராவிட்டால் வரவேண்டாம். உங்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம்.

சமாரியன் எழுதியது:

அன்புக்குரியவரே, விடியற்காலையில் விழிப்பு, எதிலும் ஈடுபாடு இல்லாமை, உள்ளே வெறுமை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வசந்த காலத்தில் எல்லாருக்கும் மனம் தெளியும் என்று ஒன்றும் இல்லை, சிலருக்கு இப்போதுதான் அதிகமாகிறது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் உண்டு, பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் வாரம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரை அந்த நிமிடமே பக்கத்தில் கூப்பிடுங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

பெயர் வேண்டாம் எழுதியது:

என் அக்காவிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட வருகிறாள்.

சிறு கடுகு எழுதியது:

ஆண்டவருக்கு நன்றி. வெள்ளிக்கிழமை உங்களை நினைத்து நடக்கிறேன்.

தென்திசை எழுதியது:

பூமியின் தென்பாதியிலிருந்து ஒரு வார்த்தை. ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் வருகிறது, அதாவது மார்ச் 21-இலோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. கீழைச் சபைகளில் பல பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்குப் பல வருடங்களில் பிந்தி வரும். உங்களுக்கு அது வசந்தம். எங்களுக்கு இலை உதிர்ந்து பகல் குறுகிக்கொண்டு போகிற நேரம். ஆகவே துளிர்களைக் காட்டி உயிர்த்தெழுதலை விளக்குகிற பிரசங்கம் எங்களுக்கு ஒட்டுவதில்லை. கல்லறை காலியானது பருவத்தால் அல்ல என்று இது எங்களுக்கு நன்றாகப் புரியவைக்கிறது. நாங்கள் வெளிச்சம் குறைகிற நாட்களில் நடக்கப் பழகுகிறோம். காலை வெயில் கிடைக்கிற நேரம் பார்த்துப் புறப்படுகிறோம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவில் தூக்கம் நேரத்துக்கு வருகிறது, இது எந்தப் பாதியிலும் பொருந்தும்.

தாபோர் எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். பெயர் சொல்லாத அந்தச் சகோதரிக்காகவோ சகோதரனுக்காகவோ எங்கள் ஜெபக்குழுவில் பெயர் சொல்லாமலே ஜெபிக்கிறோம்.

என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உடம்பைக் கவனிப்பது எதற்காக என்ற கேள்வியை விட்டுவிட்டால் இது வெறும் உடற்பயிற்சிக் கூட்டமாகிவிடும். கண்ணாடி முன் நின்று பார்க்கவா, இல்லை இன்னொருவருக்கு ஊழியம் செய்யவா? சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று எழுதினபோதே, நீங்கள் உங்களுடையவர்கள் அல்ல, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்றும் பவுல் சேர்த்து எழுதினார் (1 கொரி. 6:19, 20). ஆகவே ஒரு வழி சொல்கிறேன். தனியாக நடப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது, வெளியே வரமுடியாமல் கிடக்கிற ஒருவர் வீட்டுக்கு நடந்து போங்கள். உபவாசத்தில் மிச்சமான உணவுச் செலவை அங்கே கொண்டுபோங்கள். நடையும் ஆயிற்று, ஏசாயா 58-உம் ஆயிற்று.

அத்திமரம் எழுதியது:

தாபோர் அண்ணே, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பெந்தெகொஸ்தே வரைக்கும் நான் பிடிக்கப்போவது மூன்று. இரவு பத்து மணிக்கு ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு ஏழு மணி நேரமாவது தூங்குவது. தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளாமல் இருப்பது நம் குறைதான். காலையில் சிறு கடுகு சொன்ன மாதிரி எம்மாவு நடை. சனிக்கிழமை தாபோர் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு வீடு. சாப்பாட்டில் பெரிய தீர்மானம் எதுவும் இல்லை. மேசையில் உட்கார்ந்து, ஸ்தோத்திரம் சொல்லி, திரையைப் பார்க்காமல் சாப்பிடுவது, அவ்வளவுதான். திபேரியா கடற்கரையில் ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, வாருங்கள், சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டாரே, அப்படி அவர் கூப்பிட்டு உட்கார்ந்த மாதிரி.

சேர்ந்து செய்ய விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். வாரம் ஒருமுறை இந்த இழையிலேயே விசாரித்துக்கொள்வோம். எவ்வளவு தூரம் என்று யாரும் எழுதவேண்டாம். யாரைப் பார்த்தீர்கள், எந்தப் பகுதியைத் தியானித்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும்.

மூத்தவர் எழுதியது:

என்னையும் சேர்த்துக்கொள் தம்பி. எனக்கு நடந்து போக முடியாது, ஆனால் யாராவது என் வீட்டுக்கு நடந்து வந்தால் அவர்களோடு நின்று ஒரு சங்கீதம் சொல்வேன்.

தாபோர் எழுதியது:

ஐயா, நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அருகில் இருக்கும் நம் உறுப்பினர் யாராவது சனிக்கிழமை வருவார்கள், பக்கமாக இருந்தால் நானே வருகிறேன்.